சிகாகோ ப்ளூஸ் திருவிழாவுக்குப் போகிறீர்களா? ஜமக்காளம் விரிப்பதற்கு முன்னும் பின்னும் – முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் சிகாகோவின் நடுமத்தியில் ஒரு புல்வெளியில் உட்கார்ந்து, மூன்று நான்கு நாட்களுக்கு, ஒரு காசு கொடுக்காமல் ப்ளூஸ் கேட்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை அது. 1984இல் தொடங்கிய விழா இது. சிகாகோ ப்ளூஸின் தலைமகன் மடி வாட்டர்ஸ் காலமான மறு வருடம் அது. பல ஆண்டுகள் ஏரிக்கரையில் கிராண்ட் பார்க்கில் நடந்தது. 2017இலிருந்து அதன் வடமேற்கு மூலையில் உள்ள மில்லேனியம் பார்க்கில் நடக்கிறது. நடத்துவது நகராட்சியின் பண்பாட்டுத் துறை. டிக்கெட் கிடையாது. வந்தால் உட்காரலாம், அவ்வளவுதான்.

நாங்கள் சிகாகோவின் மேற்குப் புறநகரான நேப்பர்வில் பக்கம் குடியிருக்கிறோம். முதல் தடவை போனபோது பூங்காவில் ‘பீன்’ என்று சொல்லும் பளபளப்பான பெரிய சிற்பத்தின் முன்னால் நின்று படம் எடுத்தோம், கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம், ஐஸ்கிரீம் வாங்கினோம். பின்னணியில் கிட்டார் ஒலித்துக்கொண்டே இருந்தது. வீடு திரும்பிய பிறகு யார் பாடினார்கள், எதைப் பற்றிப் பாடினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது எனக்குப் பல நாள் உறுத்தியது. அப்புறம் கொஞ்சம் படித்தேன், ஊரின் தெற்குப் பக்கம் கொஞ்சம் நடந்தேன், நிறையக் கேட்டேன். அதனால் இந்த வழிகாட்டியில் எந்த வாசலில் நுழைவது என்பதைவிட, எந்தக் காதோடு உட்காருவது என்பதற்குத்தான் இடம் அதிகம்.

படி 1: புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மில்லேனியம் பார்க் 2004இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே இருந்தது இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் யார்டும் கார் நிறுத்தும் இடமும். பூங்காவை அவற்றுக்கு மேலே கூரை போலக் கட்டினார்கள். நீங்கள் ஜமக்காளம் விரிக்கும் புல்லுக்குக் கீழே இன்றும் தண்டவாளம் ஓடுகிறது. ப்ளூஸ் சிகாகோவுக்கு வந்து சேர்ந்ததும் இதே ரயில்வேயில்தான்.

தெற்கு மாநிலங்களில் அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்களுக்கு நிலம் இல்லை, ஓட்டு இல்லை. விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் பயிரிட்டு, வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் முதலாளிக்குக் கடன் மட்டும் மிஞ்சும். எதிர்த்துப் பேசியவர்களை மரத்தில் தொங்கவிட்ட காலம். 1910களில் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டுக் கிளம்பினார்கள். பெரும் இடப்பெயர்வு என்று வரலாற்றில் அதற்குப் பெயர். மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்களுக்கு நேர் வடக்கே ரயில் விட்டது இல்லினாய் சென்ட்ரல். அது வந்து நிற்கும் ஊர் சிகாகோ. ராபர்ட் அபட் 1905இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற பத்திரிகை “வடக்கே வாருங்கள்” என்று எழுதியது. புல்மன் என்ற படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அந்தப் பத்திரிகைக் கட்டுகளை ரகசியமாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரயிலின் உணவகப் பெட்டியில் கறுப்பினப் பயணிகளை உட்கார விடமாட்டார்கள் என்பதால், அவர்கள் பொரித்த கோழியையும் ரொட்டியையும் செருப்புப் பெட்டியில் கட்டி எடுத்து வந்தார்கள்.

1910இல் சிகாகோவில் இருந்த கறுப்பின மக்கள் சுமார் 44,000 பேர். 1970இல் 11 லட்சம். வந்தவர்களுக்கு இந்த ஊர் பாய் விரித்து வைத்திருக்கவில்லை. 1919 ஜூலை 27 அன்று, இதே ஏரியில் 29ஆம் தெருக் கரையில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் வெள்ளையர்கள் குளிக்கும் பக்கம் ஒதுங்கிவிட்டான் என்று கல்லெறிந்தார்கள், அவன் மூழ்கிப்போனான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தெற்குப் பக்கத்து ஒரு பட்டைக்குள் அத்தனை குடும்பங்களும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. அந்தப் பட்டைக்குள்தான் இந்த இசை வளர்ந்தது.

இந்தப் பகுதியை நான் நீட்டி எழுதுவதற்கு எங்களைச் சேர்ந்த ஒரு காரணமும் உண்டு. இந்தியர்கள் பெருமளவில் அமெரிக்காவுக்கு வர வழி திறந்தது 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். சம உரிமைப் போராட்டத்தில் கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைப்பட்டு, நிறத்தை வைத்து ஆளைப் பிரிக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக உடைத்த அதே ஆண்டுகளில்தான் அந்தச் சட்டமும் வந்தது. நம் வீட்டு வரவேற்பறைகளில் அவர்களைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் பேசப்படும் பேச்சு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். விழாவுக்குப் போகும் முன் பிள்ளைகளை உட்காரவைத்து இந்த ரயில் கதையை ஒரு பத்து நிமிடம் சொல்லுங்கள். சொல்லும்போது நமக்கும் சில விஷயங்கள் நேராகும்.

படி 2: முந்தின நாள் தெற்கே ஒரு சுற்று

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்தால் நல்லது. மிச்சிகன் அவென்யூவில் 3ஆம் எண் பஸ் பிடித்தால் அது கிங் டிரைவ் வழியாகத் தெற்கே போகும். 26ஆம் தெருவை ஒட்டி இறங்குங்கள். சாலை நடுவில் ஒரு வெண்கல மனிதர் நிற்பார். சிற்பி ஆலிசன் சார் 1996இல் செய்த இடப்பெயர்வு நினைவுச்சின்னம் அது. கையில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி. தூரத்திலிருந்து செதில் வைத்த சட்டை போலத் தெரியும். கிட்டப் போனால் அவர் உடுத்தியிருப்பது முழுக்கத் தேய்ந்த செருப்பு அடிகள் என்று புரியும். முகம் வடக்கே பார்த்திருக்கிறது. நான் முதல் தடவை பார்த்தபோது அந்த அடிகளைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

அடுத்து 2120 தெற்கு மிச்சிகன் அவென்யூ. செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1957 முதல் சுமார் பத்து ஆண்டுகள் இயங்கிய கட்டடம். மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், சக் பெர்ரி, எட்டா ஜேம்ஸ் என்று பலர் பதிவு செய்தது இந்த நிறுவனத்துக்குத்தான். மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து தங்கள் பெயரை எடுத்துக்கொண்ட ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் இங்கிலாந்திலிருந்து 1964இல் இங்கே வந்து பதிவு செய்தார்கள்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் என்னை உலுக்கியது வேறு. செஸ்ஸின் முக்கியப் பாடல்கள் பலவற்றை எழுதிய வில்லி டிக்சன், பாட்டு உலகம் முழுக்கப் பாடப்பட்டாலும் பணம் தன் கைக்கு முழுதாக வரவில்லை என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. தன்னைப் போன்ற கலைஞர்களுக்கு உரிமைத்தொகை வாங்கித் தர அவர் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அவர் மறைந்த பின், 1993இல் அவர் குடும்பம் இந்தக் கட்டடத்தையே வாங்கி அந்த அறக்கட்டளைக்கு வீடாக்கியது. எங்கே கூலி குறைந்ததோ அந்த வாசலிலேயே இன்று அவர் பெயர்ப்பலகை. உள்ளே போய்ப் பார்க்கலாம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நேரம் இல்லாதவர்கள் ஒன்றாவது செய்யுங்கள்: பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்டேட் தெருவில் பத்து மாடி உயரத்துக்கு மடி வாட்டர்ஸை வரைந்திருக்கிறார் சுவர் ஓவியர் எட்வார்டோ கோப்ரா. போகிற வழியில் நிமிர்ந்து பாருங்கள்.

படி 3: போய்ச் சேருவது

காரில் வர வேண்டாம். பூங்காவுக்குக் கீழே பார்க்கிங் இருக்கிறது, ஆனால் விழா நாளில் அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுவிடலாம். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைன், மிட்வேயிலிருந்து ஆரஞ்ச் லைன். ஆரஞ்ச், பிரவுன், கிரீன், பிங்க் லைன்களில் வருகிறவர்கள் வாஷிங்டன்/வபாஷ் நிலையத்தில் இறங்கினால் பூங்கா ஐந்து நிமிட நடை. ரெட் லைனில் வந்தால் லேக் அல்லது மன்ரோ. எங்களைப் போல மேற்குப் புறநகர்க்காரர்கள் யூனியன் ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடம் கிழக்கே நடக்கலாம். வார இறுதியில் புறநகர் ரயில்கள் இடைவெளி விட்டுத்தான் ஓடும். திரும்பும் ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிகள் நண்பகல் வாக்கில் தொடங்கி இரவு 9 மணி போல முடியும். யார் எப்போது எந்த மேடையில் என்ற முழுப் பட்டியலை நகராட்சி விழாவுக்கு முன்பே வெளியிட்டுவிடும். நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள். மதுபானம் வெளியிலிருந்து கொண்டுவர விடமாட்டார்கள். பதின்பருவப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2022இலிருந்து வியாழன் முதல் ஞாயிறு வரை மாலை 6 மணிக்கு மேல் 18 வயது நிரம்பாதவர்கள் 21 வயதான ஒருவர் துணையோடுதான் இந்தப் பூங்காவில் இருக்கலாம் என்று விதி போட்டிருக்கிறார்கள்.

படி 4: எங்கே உட்காருவது

பெரிய மேடையின் பெயர் ஜே பிரிட்ஸ்கர் பெவிலியன். ஃபிராங்க் கேரி வடிவமைத்தது. காற்றில் சுருண்ட எஃகு நாடாக்கள் போல இருக்கும். முன்னால் சுமார் 4,000 நிலையான இருக்கைகள், அதற்குப் பின்னால் 7,000 பேர் கொள்ளும் புல்வெளி. புல்வெளிக்கு மேலே எஃகுக் குழாய்கள் வலைப்பந்தல் மாதிரிப் போகின்றன, பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு மட்டும் கட்டியது இல்லை. ஸ்பீக்கர்களை அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடைச் சத்தம் உங்களை வந்தடையும் நேரத்துக்குப் பொருந்தும்படி ஒவ்வொரு ஸ்பீக்கரும் நொடியின் சிறு பங்கு தாமதித்து ஒலிக்கும். அதனால் கடைசியில் உட்கார்ந்தாலும் பாட்டு தலைக்கு மேலிருந்து விழாமல் மேடையிலிருந்தே வருவது போல இருக்கும். புல்வெளியில் பின்னால் இடம் கிடைத்தால் வருத்தப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இருந்தாலும் என் யோசனை இதுதான்: பகல் முழுக்க பெரிய மேடைப் பக்கமே போகாதீர்கள். பூங்காவின் நடைபாதைகளில் சின்ன மேடைகள் போட்டிருப்பார்கள். அவற்றில் ஒன்று மிசிசிப்பிக் கலைஞர்களுக்கானது. ‘ஜூக் ஜாயின்ட்’ மேடை என்று சொல்வார்கள். வாரம் முழுக்கப் பருத்திக் காட்டில் குனிந்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி கூடி ஆடிய மரக் கொட்டகைகளுக்கு அந்தப் பெயர். அங்கே பாடுகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கும். அவர் விரல் எங்கே போகிறது, கால் எப்படித் தாளம் போடுகிறது, ஒரு வரியைப் பாடிவிட்டு யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எல்லாம் தெரியும். ப்ளூஸை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு அந்தப் பத்தடிதான் பள்ளிக்கூடம். வெயில் தாழ்ந்து 5 மணி போலப் பெரிய மேடைக்கு நகருங்கள்.

வயதானவர்களோடு வந்தால் நிலையான இருக்கைகளில் இடம் பிடியுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் மாதமும் இதுதானே. புல்வெளியில் நாற்காலி போட்டால் பின்னால் தரையில் இருப்பவர்களை மறைக்கும். ஜமக்காளமே போதும், அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்போடு. காலையில் மழை பெய்திருந்தால் மாலை வரை ஈரம் இருக்கும். சாப்பாடு கொண்டு வரலாம். தயிர் சாதம், சப்பாத்தி, சுண்டல், எது வேண்டுமானாலும். கண்ணாடி பாட்டில்கள் வேண்டாம். ஜூனில் பகலில் வியர்க்கும், சூரியன் சாய்ந்ததும் ஏரிக்காற்று சில்லென்று அடிக்கும், எனவே ஆளுக்கொரு ஸ்வெட்டர். பிள்ளைகளின் காதுக்கு அடைப்பான். சின்னவர்கள் பொறுமையிழந்தால் பூங்காவின் மேற்கு ஓரத்தில் கிரவுன் ஃபவுன்டன் இருக்கிறது. பெரிய கண்ணாடிச் சுவரில் ஒரு முகம் தோன்றி வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். மாற்று உடை எடுத்துப் போங்கள். இடி மின்னல் வந்தால் நிகழ்ச்சியை நிறுத்துவார்கள். பிடிவாதமாகப் புல்லில் உட்காராமல் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படி 5: கேட்பது

போன தடவை அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். ஆங்கிலம் அதிகம் தெரியாது. இரண்டு பாட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன்டா, முதல் வரியை இவர் எப்பவும் ரெண்டு தடவை பாடுறாரு?” என்றார். ப்ளூஸின் எலும்புக்கூட்டையே அம்மா பிடித்துவிட்டார்.

ஒரு வழக்கமான ப்ளூஸ் சரணத்துக்கு மூன்று வரி. முதல் வரியில் பாடகர் ஒரு சங்கதியைச் சொல்வார். இரண்டாவது வரியில் அதையே திரும்பச் சொல்வார். மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பார். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

*விடியுமுன்னே ரயிலேறிப் போனாள், வாசல் கதவும் சாத்தலையே.*
*ஆமா, விடியுமுன்னே ரயிலேறிப் போனாள், வாசல் கதவும் சாத்தலையே.*
*அடுப்பில் வச்ச காப்பி மட்டும் இன்னும் சூடு ஆறலையே.*

திரும்பச் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு எதிர்பார்ப்பு ஏறும்; பாடுகிறவருக்கு அடுத்த வரியை யோசிக்க நேரம் கிடைக்கும். இரண்டாவது தடவை அதே சொற்களாக இருந்தாலும் அடியில் இருக்கும் சுருதி அடுக்கு மாறிவிடும். அதே வீட்டில் அடுத்த அறைக்குள் காலெடுத்து வைத்த மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு அளவைகள், ஒரு அளவைக்கு நான்கு தட்டு. மொத்தம் 12 அளவை. வரியின் முன்பாதியைப் பாடகர் நிரப்புவார், பின்பாதியைக் கிட்டாரோ மவுத் ஆர்கனோ நிரப்பும். பாடகர் ஒன்று கேட்க, வாத்தியம் பதில் சொல்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வயற்காடு வழியாகவும் தேவாலயம் வழியாகவும் வந்த வழக்கம் இது: ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. ஒருவர் ‘ஏலேலோ’ எடுக்க நாற்று நடுகிறவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த காது அம்மாவுடையது. அரை மணி நேரத்தில் பதில் வரும் இடத்தில் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்து, வளையும் சுரங்கள். ப்ளூஸ் பாடகர் மூன்றாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் பியானோ கட்டைகளில் அகப்படாத ஓர் இடத்தில் நிறுத்துவார். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சறுக்கிக்கொண்டிருக்கும். கமகத்துக்குப் பழகிய நமக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு, அந்த நெளிவு பிசகாகக் கேட்காது. கிட்டாரில் அதைக் கொண்டுவர விரலில் ஒரு கண்ணாடிக் குழலையோ உலோகக் குழலையோ மாட்டிக்கொண்டு கம்பி மேல் வழுக்குவார்கள். பாட்டில் கழுத்தை உடைத்து மாட்டிக்கொண்டது பழைய வழி. மிசிசிப்பிச் சிறுவர்கள் பலருக்கு முதல் வாத்தியம் கிட்டாரே கிடையாது. விளக்குமாற்றைச் சுற்றியிருக்கும் கம்பியைப் பிரித்து வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, ஒரு கையால் தட்டி, மறு கையால் பாட்டிலை வழுக்கி வாசித்தார்கள். வீடே வாத்தியம்.

சிகாகோ செய்த வேலை அதில் மின்சாரம் ஏற்றியது. மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட், அதாவது பிற்பாடு மடி வாட்டர்ஸ், மிசிசிப்பியில் ஸ்டோவல் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்து அவரைப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் தானே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். 1943இல் சிகாகோ வந்தார். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி வாசிப்பு. கூட்டம் நிறைந்த குடிக்கடைகளில் மரக் கிட்டார் எடுபடவில்லை, ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சில்லறை கொடுத்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கரண்ட் எடுத்தார்கள். லிட்டில் வால்ட்டர் மவுத் ஆர்கனையும் ஒரு மைக்கையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு ஊதியபோது, சாக்ஸஃபோன் அளவுக்குக் கனத்த, கரகரத்த ஒரு புதுக் குரல் பிறந்தது. மேடையில் யாராவது மவுத் ஆர்கனை அப்படிப் பொத்திப் பிடித்திருந்தால் நீங்கள் கேட்பது அவர் வழியில் வந்த குரல். இங்கே அதை ‘ஹார்ப்’ என்பார்கள்.

கை தட்டுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நம் கை தன்னால் ஒன்றில் விழும். சமத்தில் தட்டிப் பழகிய கை. இங்கே இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். சுற்றியிருக்கும் வயதான கறுப்பினப் பெண்மணிகளைப் பாருங்கள், தோள் எங்கே இறங்குகிறதோ அங்கே தட்டுங்கள். ஒரு பாட்டு முழுக்கச் சரியாக வந்துவிட்டால் உடம்பு அப்புறம் மறக்காது.

கச்சேரி மாதிரி அமைதியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு வரி உங்களைத் தொட்டால் வாய்விட்டுச் சொல்லலாம். “சொல்லு, சொல்லு!” என்ற பொருளில் கூட்டத்திலிருந்து குரல்கள் எழும், பாடகர் அதற்குக் காத்திருப்பார், பதிலும் சொல்வார். கூட்டத்தின் குரல் இல்லாவிட்டால் பாட்டில் பாதி குறையும். ஒன்றில் மட்டும் கவனம் வையுங்கள். கறுப்பினப் பாடகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சில சொற்கள் பாட்டில் வரலாம். அவற்றை நாம் திருப்பிச் சொல்லக் கூடாது, நம் பிள்ளைகளும் கூடாது. பக்கத்தில் இருப்பவரின் சடையைத் தொட்டுப் பார்ப்பது, கேட்காமல் படம் எடுப்பது, இதெல்லாம் எந்த ஊரிலும் தப்புத்தானே.

ப்ளூஸ் என்றால் சோகம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் திகைப்பார்கள். பாதிக்கு மேல் கேலி, காதல், மாமியார் சண்டை, சம்பள நாள் கொண்டாட்டம். மெம்ஃபிஸிலிருந்து 1950களின் தொடக்கத்தில் கணவரோடு வந்து, வீட்டு வேலை செய்துகொண்டே பாடி, ‘ப்ளூஸ் ராணி’ ஆன கோகோ டெய்லரின் பதிவுகளை ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் குரலுக்கு முன்னால் துக்கம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும்.

படி 6: இலவசம் உங்களுக்கு மட்டும்

நுழைய நாம் காசு கொடுக்கவில்லை. ஆனால் மேடையில் இருப்பவர் வருடம் முழுக்க இதை வைத்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறார். இறங்கி வந்து சிடியோ சட்டையோ விற்றால் ஒன்று வாங்குங்கள். அவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் அதுவே சாக்கு. டிக்கெட்டுக்கு ஆகியிருக்கும் பணத்தை ஒரு உறையில் போட்டு நாங்கள் தனியாகக் கொண்டு போகிறோம், அன்றைக்கே அது கலைஞர்கள் கையில் செலவாகிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

விழா 9 மணிக்கு முடிந்தாலும் இசை முடியாது. கலைஞர்கள் பலர் கிளப்புகளுக்குப் போய் விடிகிற வரை வாசிப்பார்கள். பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் வபாஷ் அவென்யூவில் இருக்கிறது கிட்டார் கலைஞர் பட்டி கையின் ‘லெஜெண்ட்ஸ்’. 1957இல் லூசியானாவிலிருந்து வந்தவர், மடி வாட்டர்ஸ் காலத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் பாலம். மேற்கே ஆர்மிடேஜ் அவென்யூவில் ‘ரோசாஸ் லவுஞ்ச்’, சின்ன இடம், கேட்க வருகிறவர்கள் வருவது. கிளப்புகளில் நுழைவுக் கட்டணம் உண்டு, சந்தோஷமாகக் கொடுங்கள்.

இந்த விழாவைத் தவறவிட்டால் அதே பூங்காவில் நகராட்சி இலவசமாக நடத்தும் காஸ்பல் (கறுப்பினத் தேவாலயப் பக்தி இசை) விழாவும் உண்டு. ப்ளூஸ் பியானோ வாசித்த தாமஸ் டார்சி அந்த நெளிவையே தேவாலயத்துக்குள் கொண்டுபோய் காஸ்பல் இசையின் தந்தை ஆனதும் இதே சிகாகோவில்தான், எனவே இரண்டையும் கேட்டால் உறவு புரியும். செப்டம்பர் தொடக்க விடுமுறையில் ஜாஸ் விழா. அதே விடுமுறையில் டிட்ராய்ட்டிலும் இலவச ஜாஸ் விழா நடக்கிறது. நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு ஆகஸ்டில் சார்லி பார்க்கர் ஜாஸ் விழா. அது நடக்கும் இடங்களில் ஒன்றான ஹார்லெம் மார்கஸ் கார்வி பூங்காவில்தான் 1969 கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்லெம் பண்பாட்டு விழா இலவசமாக நடந்தது.

படி 7: திரும்புவது

ஜமக்காளத்தை உதறி, குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முண்டியடிக்காமல் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் கூட்டம் தானே கரையும்.

அன்று இரவு ஹைட் பார்க் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. பூங்காவுக்கு வடபுறம், ராண்டால்ஃப் தெருவுக்குக் கீழே மில்லேனியம் ஸ்டேஷன். அங்கிருந்து தெற்கே போகும் மெட்ரா எலக்ட்ரிக் ரயில் பழைய இல்லினாய் சென்ட்ரலின் தடம். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் 11ஆம் தெரு. அதை ஒட்டித்தான் சென்ட்ரல் ஸ்டேஷன் இருந்தது, 1974இல் இடித்துவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் கட்டுச்சோற்றுப் பெட்டியோடும் கயிறு கட்டிய பெட்டியோடும் முதன்முதலாகக் கால் வைத்த இடம் அது. ரயில் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காது. வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள்.